நான் எழுதிய 'டாக்', அவர் செய்த 'டெல்'

அவையைத் தலைமையேற்று நடத்தும் பான்சோ துறை மகளிர் சங்கத் தலைவி அவர்களே! முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு முன்வரிசையில் முறுவலிக்கும் மூத்தோரே! பெயின்ட் வாடை போகாத விரல்களில் பேனா பிடித்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வயதில் தாமே பாடம் படிக்க வந்திருக்கும் அன்னையரே! வேலை முடிந்த கையோடு தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே! கடலை நம்பிப் பிழைத்து, கப்பலைக் கட்டி அனுப்பிவிட்டு, கரையிலேயே நின்று கையசைக்கும் என் ஊர் மக்களே! நாம்குங் சோன்யங் ஆகிய நான், உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நம் மாலை வகுப்பின் ஆண்டு விழாவில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு எளியது. ஆங்கிலத்தில் வாய் திறப்பதைக் குறிக்கும் நான்கு வினைச்சொற்கள். ஸே, டெல், ஸ்பீக், டாக். கரும்பலகையில் நான்கையும் எழுதி, ஆளுக்கொரு எடுத்துக்காட்டு சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். பதினெட்டு ஆண்டுகளாக மொழிபெயர்த்துப் பிழைப்பவளுக்கு அது ஒரு பெரிய காரியமா?

ஆனால் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை உரையை எழுதினேன். மூன்று முறையும் கிழித்தேன். ஏன் தெரியுமா? இந்த நான்கு சொற்களில் ஒன்றை நான் ஒருநாள் தவறாக எழுதினேன். அந்த ஒரு சொல் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தது, மானத்தைப் பறித்தது, ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் அவரை வீட்டுக்குள் அடைத்தது.

பின்வரிசையில் யாரோ "சத்தமா!" என்கிறீர்கள். சொல்கிறேன் ஐயா. சத்தமாகவே சொல்கிறேன்.

குவாக் மல்சூன். உங்களில் பலருக்கு அவர் குவாக் சித்தி. ஐம்பத்து நான்கு வயது. கப்பல் தளத்தில் தீக்காவல் வேலை. வெல்டர் ஒருவர் தொட்டிக்குள் இறங்கிப் பொறி பறக்க வேலை செய்யும்போது, தீயணைப்பானும் எச்சரிக்கை ஊதலும் வைத்துக்கொண்டு அருகிலேயே நிற்பாரே, அந்த வேலை. பார்ப்பதற்குச் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். அவர் கண் அயர்ந்தால் எத்தனை வீட்டில் அடுப்பு அணையும் என்பது நமக்குத் தெரியும். எந்தத் தளம் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள்.

இரண்டரை ஆண்டுக்கு முன் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதே முக்கால். ஏற்றுமதிக் கப்பலின் அடித்தொட்டி. பக்கத்து அறையில் முந்தின நாள் அடித்த பெயின்ட்டின் ஆவி. அதை வெளியே இழுக்கும் பெரிய காற்றாடி நின்றுவிட்டது. குவாக் சித்தி பார்த்தார். ஓடினார். அறுபது படி ஏறி மேல்தளத்தில் பாதுகாப்பு அதிகாரி தோ கிபோமைப் பிடித்தார். மீண்டும் இறங்கினார். இறங்கி முடிப்பதற்குள் கீழே 'புஸ்' என்று ஒரு நீல வெளிச்சம். வெல்டர் பியன் சங்மோவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்து போயின. அணைப்பானைப் பீய்ச்சி, அவரை இடுப்பில் பிடித்து ஏணி வரை இழுத்து வந்தவர் யார்? குவாக் சித்தி.

கப்பல் வெளிநாட்டு முதலாளியுடையது. காப்பீடும் வெளிநாடு. எனவே விசாரணை ஆங்கிலத்தில். எனவே, நான்.

அன்று ஆறு பேரிடம் வாக்குமூலம் எடுத்தேன். ஆறாவது ஆள் குவாக் சித்தி. புகை குடித்துக் குரல் கம்மிப்போய், மருத்துவமனை நடையில் உட்கார்ந்து சொன்னார். எனக்குப் பசி. எதிர்க்கடையில் வாங்கி வைத்த பன்றிக்கறிச் சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. இந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

அவர் சொன்னது இரண்டே வரி. காற்றாடி நின்றுவிட்டது, போய் தோ அதிகாரியிடம் 'மல்' செய்தேன்.

மல்! நம் கொரிய மொழியின் மகத்தான சொல். சொன்னாலும் மல், பேசினாலும் மல், கிசுகிசுத்தாலும் மல், கதறினாலும் மல். ஒரே குடையின் கீழ் ஊரையே நிறுத்துகிற சொல். ஆனால் ஆங்கிலக்காரன் அந்தக் குடையைப் பிரித்து நான்கு குச்சியாக வைத்திருக்கிறான். எந்தக் குச்சியை எடுப்பது? நான் யோசித்தேனா? இல்லை. என் விரல் பழகிய எழுத்தைத் தட்டியது. "காற்றாடி நின்றது. அவர் போய் அதிகாரியிடம் டாக்ட்."

டாக்ட். பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சூப்புக் குடிக்கப் போனேன்.

காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் ஹால்வர்சன், நரைத்த தாடியும் நயமான குரலும் கொண்டவர். விசாரணைக் குழு கூடியபோது அந்தச் சொல்லை ஊசியால் குத்தித் தூக்குவதுபோல் தூக்கினார். "பேசினார். சரி. எதைப் பற்றி? வானிலையைப் பற்றியும் பேசலாம். காற்றாடி நின்றதை இவர் அதிகாரிக்குத் தெரிவித்ததாக இந்தத் தாளில் எங்கே இருக்கிறது?"

தோ கிபோம் அந்த ஓட்டையைப் பார்த்தார். பயந்த மனிதனுக்கு எலிப்பொந்தும் அரண்மனை வாசல்தான். "ஆமாங்க, வந்தாங்க, பேசினாங்க. மகளுக்குப் பிரசவம், ரெண்டு நாள் லீவு வேணும்னாங்க. காத்தாடிய பத்தி ஒண்ணுமே பேசல."

அறிக்கை வந்தது. 'தீக்காவலர் ஆபத்தைத் தெரிவிக்கத் தவறினார்.' ஊதலை வாங்கிக்கொண்டார்கள். வேலைச் சட்டையை வாங்கிக்கொண்டார்கள். சந்தையில் கிம்சி ஊறுகாய்க் கடை வைத்திருக்கும் பியனின் மனைவி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கேட்டார்: "என் புருஷன் கை வேகும்போது நீ மேல நின்னு லீவு கேட்டுக்கிட்டு இருந்தியா? என் கடைப் பக்கம் வராத. உன் நிழலு பட்டா கிம்சி புளிச்சுப் போயிடும்."

தம்பி, நீ கடிகாரத்தைப் பார்க்கிறாய். பார். ஆனால் எழுந்து போய்விடாதே. இனிமேல்தான் நான் அவமானப்படுகிற இடம் வருகிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம். என் வீட்டு வாசலில் குவாக் சித்தி. கையில் அந்த ஆங்கில அறிக்கை. ஏபிசிடி தெரியாத பெண், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கைப்பேசியில் அடித்து அர்த்தம் தேடியிருக்கிறார். ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஆங்கிலம் தெரிந்தவள் என்பதால் ஊருக்கு நான் டீச்சர்.

"டீச்சர், இந்த வார்த்தைக்கு போனு என்ன சொல்லுது தெரியுமா? 'உரையாடினார்'ங்குது. நான் அவன்கூட உரையாடவா போனேன்? அறுபது படி மூச்சிரைக்க ஏறி, அந்தாளோட உக்காந்து டீயா குடிச்சேன்?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நொடியே அவர் காலடியில் விழுந்திருக்க வேண்டும். என்ன செய்தேன்? சிரித்தேன். ஆம், சிரித்தேன். "ரெண்டும் ஒண்ணுதான் சித்தி. ஆங்கிலத்துல இதெல்லாம் மாத்தி மாத்திப் போடுவாங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணுதான்னா, அந்த ஒண்ணுக்கு எதுக்கு டீச்சர் நாலு வார்த்தை வெச்சிருக்கான்?"

சுவரில் மாட்டியிருந்த பட்டத்தையும் பதக்கத்தையும் பார்த்தேன்.

அவர் போய்விட்டார். நான் வீட்டுக்குள் நடந்தேன். அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். கடைசியில் அன்றைய வாக்குமூலத்தின் ஒலிப்பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். இரண்டு வரிக்குப் பிறகு, இருமலுக்கு நடுவில், ஒரு மூன்றாவது வரி இருந்தது. "அவருக்குத் தெரியும். சரி, சரின்னாரு." அதை நான் எழுதவே இல்லை. அப்போதே சூப்புக் கடை பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், விசாரணைக் குழுவில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்க வாய ஒரு தரம் நம்பினேன். போதும். சரியான வார்த்தை எதுவோ அத எனக்குக் கத்துக்குடுங்க. நானே சொல்லிக்கிறேன்."

"நாலு வார்த்தை இருக்கு சித்தி."

"நாலையும் கொண்டாங்க. நான் பொறுக்கிக்கிறேன்."

அன்பர்களே, பல்கலைக்கழகத்தில் நான் படித்த இலக்கணம் அந்த வெங்காயத் தோலுக்கு நடுவில்தான் எனக்கு விளங்கியது. 'ஸே'க்குப் பின்னால் வாயிலிருந்து வந்த வார்த்தை வரும் என்றேன். 'டெல்'லுக்குப் பின்னால் அதைக் கேட்ட ஆள் வருவார் என்றேன். காற்றைப் பார்த்துச் சொன்னாலும் 'ஸே' நிற்கும். ஆள் இல்லாமல் 'டெல்' பெரும்பாலும் நிற்காது. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப எனக்கு ஆளு வர்ற வார்த்தைதான் வேணும். கேட்டவன் தப்பிக்கக் கூடாது. இந்த ஸ்பீக்குன்னீங்களே, அது?"

"அது ஒரு மொழியில பேசறது. அப்புறம், சபையில எழுந்து பேசறது."

"அது உங்களுக்கு. நீங்க எந்திரிச்சு உங்க தப்பப் பேசுங்க. எனக்கு டெல் போதும்."

குழு இரண்டாம் முறை கூடியது. நான் எழுந்தேன். மொழிபெயர்ப்பு என்னுடையது, தவறும் என்னுடையது என்றேன். ஹால்வர்சன் புன்னகைத்தார். "பதினாறு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு டாக்கும் டெல்லும் வேறு என்று இன்றுதான் தெரிந்ததா?" என்றார். ஆமாம் ஐயா, இன்றுதான் தெரிந்தது என்றேன். ஒலிப்பதிவைப் போட்டார்கள். வேறொரு மொழிபெயர்ப்பாளரை என் பக்கத்தில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். நியாயம்தானே?

குவாக் சித்தி எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை, தோ கிபோமை மட்டும் பார்த்தார். விரலை நீட்டினார்.

"ஐ டோல்ட் ஹிம். ஃபேன் ஸ்டாப். ஹி செட், ஓகே, ஓகே."

இலக்கணப் பிழை உண்டா? இருக்கட்டும்! எழுத்துக்கூட்டத் தெரியாத நாவு அது. ஆனால் அந்த அறையில் அன்று அதைவிடத் துல்லியமான ஆங்கிலத்தை யாரும் பேசவில்லை. அதன் பொருள்: நான் அவருக்கு அறிவித்தேன். அவர் சரி என்றார். கேட்ட ஆளும் இருக்கிறார், அவர் திருப்பிச் சொன்ன வார்த்தையும் இருக்கிறது. எங்கே ஓடுவது?

குழுத் தலைவர் தோ கிபோமிடம் கேட்டார். அந்தக் கேள்வியை நான்தான் நம் மொழியில் மாற்ற வேண்டும். இந்த முறை 'மல்' என்று சொல்லவில்லை. "காத்தாடி நின்னுபோச்சுங்கிற சேதிய, இவங்க உங்க காதுல போட்டாங்களா?" என்றேன்.

தோ கிபோம் தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போட்டாங்க. நான் போன்ல இருந்தேன். சரி சரின்னு கைய ஆட்டினேன். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. பயந்துட்டேன் சித்தி."

அறிக்கை திருத்தப்பட்டது. தோ கிபோம் பதவி இழந்தார். குவாக் சித்திக்கு ஊதலும் சட்டையும் திரும்பி வந்தன. அந்தத் தளத்தில் எனக்கு இருந்த ஒப்பந்தம் போனது, போகட்டும். பியனின் விரல்கள் மட்டும் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. எந்த மொழிபெயர்ப்பும் அதைத் திருத்தாது.

நான் ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கொண்டு குவாக் சித்தி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே ஆரம்பித்தேன். வேலை நெருக்கடி, களைப்பு, மொழியின் சிக்கல், மனிதத் தவறு... அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கதவில் சாய்ந்து பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்.

"டீச்சர், நீங்க மன்னிப்பு கேக்குறீங்களா, இல்ல மன்னிப்ப பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்களா?"

ஐயோ! சபையோரே, அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சுக்குள் நிற்காமல் நடந்துகொண்டிருக்கிறது. நாம் எத்தனை பேர் அன்பைப் பற்றிப் பேசுகிறோம், அன்பு என்று ஒருவரிடம் சொல்வதில்லை! எத்தனை பேர் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஆபத்து என்று உரியவர் காதில் போடுவதில்லை! எத்தனை பேர் தவற்றைப் பற்றிப் பேசுகிறோம், செய்தவன் நான் என்று, இழந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை!

"நான் கவனிக்காம எழுதினேன். உங்கள அழிச்சேன். மன்னிச்சிருங்க" என்றேன். மூன்றே வாக்கியம்.

"இது என்கிட்ட. சந்தையில இருக்காளே, அவகிட்ட?"

போனேன். சனிக்கிழமைக் கூட்டம். பியனின் மனைவி மிளகாய்ப்பொடி படிந்த கையுறையோடு நின்றார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். தவறு குவாக் சித்தியுடையது அல்ல. அவர் சொன்னார், நான் மாற்றினேன், அதிகாரி மறைத்தார். பியனின் மனைவி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கையுறையைக் கழற்றினார். கடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்தார். நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் போனேன். குவாக் சித்தியின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

"அக்கா," என்றார் பியனின் மனைவி. "நான் உங்கள தப்பா சொல்லிட்டேன்."

குவாக் சித்தி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே நின்றேன். உள்ளே அழுகை கேட்டது. பிறகு நெடுநேரம் பேச்சு கேட்டது. அதுதான் ஐயா 'டாக்'. இருவர் சமமாக அமர்ந்து, மாறி மாறி, முடிவில்லாமல் பேசுவது. அந்தச் சொல்லை அன்றுதான் நான் சரியான இடத்தில் கண்டேன்.

பொறுமையோடு செவி தந்த தலைவி அவர்களுக்கும், மூத்தோருக்கும், அன்னையருக்கும், வீட்டில் வேலை காத்திருந்தும் எழுந்து போகாத ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போகும் வழியில், உரியவரிடம் இன்னும் சொல்லாத ஒன்று உங்களிடம் இருக்குமானால், அவர் பெயரைச் சொல்லி அழைத்துச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டு, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!