துருப்பிடித்த கோதுமைக்குள் என்ன இருந்தது?

குடியை நிறுத்துற மாத்திரையைப் பத்தி டாக்டர் சொல்லிட்டாங்க. கவுன்சிலிங் பத்தியும் கேட்டுட்டீங்க. இப்ப நான் ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? கோதுமைக் கதை! சிரிக்காதீங்கம்மா... கேளுங்க.

ஊட்டிப் பக்கம் மலைமேல ஒரு கோதுமை ஆராய்ச்சிப் பண்ணை. அங்க மெஹருன்னிசான்னு ஒரு பொண்ணு, வாணியம்பாடிக்காரங்க, பிஎச்.டி. பண்ணிக்கிட்டு இருந்தாங்க. எதுல? துரு நோய்ல. இரும்புல துரு பிடிக்கிற மாதிரியே கோதுமை இலையில ஆரஞ்சுப் பொடி படரும். தொட்டா விரல்ல ஒட்டிக்கும். வந்துச்சுன்னா விளைச்சல் போச்சு.

மெஹர் ரெண்டு ரகத்தை எடுத்தாங்க. ஒண்ணு நோஞ்சான்... மணி சிறுசு, ஆனா துரு லேசாத்தான் வரும். இன்னொண்ணு குண்டு... மணி நல்லா திரண்டு இருக்கும், ஆனா இலையெல்லாம் துரு அப்பிக்கும். ரெண்டையும் கலப்புப் பண்ணி, பொறந்த வாரிசுகளைப் பாத்தி பாத்தியா வளர்த்தாங்க.

ஒருநாள் காலையில போய்ப் பாக்குறாங்க... சில பாத்தியில துருவே இல்ல! ஒரு புள்ளிகூட இல்ல! நோஞ்சானுக்கே லேசா வருதே... அதோட புள்ளைக்கு எப்படி வராமப் போகும்?

அவங்க கைடு திருவேங்கடம் சார் வந்து பாத்தாரு. "ஏம்மா, வேற விதை கலந்துடுச்சு. பிடுங்கிப் போடு. அடுத்த பருவம் புதுசா ஆரம்பி."

மூணு வருஷ உழைப்புங்க! அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா மனசு விடல. "சார், பிடுங்குறதுக்கு முன்னாடி எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் பாத்துடறேனே?"

"சரி... பாரு."

ஒவ்வொரு பாத்தியிலயும் இலையைக் கிள்ளி, மரபணுவைப் பிரிச்சு, வரைபடம் போட்டாங்க. மரபணு வரைபடம்னா பயப்படாதீங்க. எந்தத் துண்டு நோஞ்சான்கிட்டேருந்து வந்தது, எந்தத் துண்டு குண்டுகிட்டேருந்து வந்ததுன்னு காட்டும். அவ்வளவுதான். முதல்ல ஒண்ணு தெரிஞ்சுது... வேற விதை எதுவும் கலக்கல. எல்லாம் இந்த ரெண்டோட புள்ளைங்கதான்.

அப்புறம், துருவே வராத செடிகள்ல பொதுவா எந்தத் துண்டு இருக்குன்னு தேடினாங்க. ரெண்டு இடம் கிடைச்சுது. ஒண்ணு நோஞ்சானோடது. சரி. இன்னொண்ணு யாரோடது? ...குண்டோடது!

மெஹர் நம்பல. திரும்பப் போட்டுப் பாத்தாங்க. அதேதான்.

திருவேங்கடம் சார் சொல்றாரு, "அது உடம்பெல்லாம் துருவாக் கிடக்கேம்மா! அதுகிட்டயா எதிர்ப்பு சக்தி இருக்கும்?"

"வாங்க சார், ஒண்ணு காட்டறேன்."

ஓரத்துப் பாத்திக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க இருந்த செடிங்களுக்கு அந்த ரெண்டு துண்டுல எதுவுமே வரல. கதிர் வர்றதுக்கு முன்னாடியே கருகிக் கிடக்கு. பக்கத்துப் பாத்தியில குண்டு... மேலெல்லாம் துருதான், ஆனா கதிர் விட்டு நிக்குது!

"இது சும்மா நிக்கல சார். எதிர்த்துக்கிட்டேதான் இருந்திருக்கு. தனியா நின்னதால பத்தல."

சார் குண்டோட இலையைக் கையில பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "எத்தனை செடியை இப்படிப் பிடுங்கிப் போட்டேனோம்மா..." அப்படின்னாரு. அடுத்த பருவம், ரெண்டு துண்டும் இருக்கிற விதையை மட்டும் விதைச்சாங்க. வயல் பச்சையா நின்னுச்சு.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்?

உங்க வீட்டுல ஒருத்தர் குடியை விட்டாரு... மறுபடியும் குடிச்சாரு. திரும்ப விட்டாரு... திரும்பக் குடிச்சாரு. நாம என்ன சொன்னோம்? "அவருக்கு மனஉறுதியே கிடையாது." அப்படியா? அப்ப குடிக்காம இருந்தாரே கொஞ்ச நாள்... அது எங்கேருந்து வந்துச்சு? பத்தலைங்கறது வேற. இல்லைங்கறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க. அவரு அடிச்சா வாங்கிக்கிட்டுப் பொறுத்துப் போங்கன்னு சொல்லலம்மா... அது கூடவே கூடாது. மருந்து சேரட்டும், டாக்டர் சேரட்டும், இந்தக் கூட்டம் சேரட்டும்... அவருக்குள்ள இருக்கிற கொஞ்சத்தோட சேரட்டும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போறப்ப, "ஏன் குடிச்சே?"ன்னு கேக்காதீங்க. அதை எல்லாரும் கேட்டாச்சு. "அந்தக் கொஞ்ச நாள்... எப்படிங்க குடிக்காம இருந்தீங்க?" இதைக் கேளுங்க. குத்திக் காட்ட இல்ல... நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேளுங்க.