அம்மா போடும் சுவிட்சுகள்

வேலை தேடி அடம்பனிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். அவள் மடிக்கணினியில் அவர்களுடைய புது வீட்டின் படமும், அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்கும் இருந்தன.

"மேல இருக்கிற எண் வீட்டுச் சாமான் எல்லாத்துக்கும் சேர்த்து, அண்ணா. கீழ அதில பாதிதான். ஆரும் எல்லாத்தையும் ஒண்டாப் போடமாட்டினம் எண்டுதான் கணக்கு. அந்தப் பாதிக்கேத்த வயர் இருந்தாக் காணும்."

"அம்மாவைப் பற்றி இந்த மெசினுக்கு ஆர் சொன்னது?"

அவள் சிரித்தாள்.

"சிரியாத. இந்தியாவில அகதி முகாமில இருக்கேக்க கறண்ட் கொஞ்ச நேரம்தான் வாறது. வந்த உடன மிக்ஸி, கிரைண்டர், அயன்பொக்ஸ் எல்லாம் ஒண்டாப் போடுவா. இப்பவும் அப்பிடித்தான். உன்ர வயர் தாங்குமோ?"

"இஞ்ச நாள் முழுக்கக் கறண்ட் இருக்குத்தானே. பழகீடுவா."

பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது அவளுடைய போன் அடித்தது. தாயின் குரல் எனக்கும் கேட்டது.

"பிள்ளை, வெளிக்கிட முன்னம் போனுக்குச் சார்ஜ் போட்டனியோ? கறண்ட் இருக்கேக்கையே போட்டிடோணும்."

"ஓம் அம்மா, போட்டனான்."

போனை வைத்துவிட்டு அவள் கணினியில் எதையோ மாற்றினாள். கீழே பாதியாக இருந்த எண் மேலே இருந்த எண்ணுக்குச் சமமானது.