ஒருக்களித்துப் படுப்பவர்கள்

“ஒருத்தன் திரும்பிப் படுத்தா வரிசையே திரும்பணுமாங்க்கா, அவ்ளோ நெருக்கமாம்.”

ஓசூரிலிருந்து சேலம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் கம்பெனிச் சீருடையோடு இருந்த பெண் சொன்னாள். மகன் சிறையில் இருக்கிறானாம்; வழக்கு முடிந்தபாடில்லை.

“ஜாமீன்தான் கெடச்சிதே?” என்றாள் பக்கத்தில் இருந்த மூத்தவள்.

“கையெழுத்துப் போட என் தம்பி அத்திப்பள்ளியிலருந்து வந்தான். கர்நாடகா ஆளு, உள்ளூர் ஆளக் கூட்டியான்னுட்டாங்க.”

“இப்ப என்ன பண்ணப் போற?”

“மொத கேசுன்னா, அதுக்குண்டான தண்டனையில மூணுல ஒரு பங்கு உள்ள இருந்துட்டாலே சொந்த ஜாமீன்ல விடணும்னு சட்டம் இருக்குதாம். இவனுக்கு அது எப்பவோ தாண்டிடுச்சி. ஜெயில் சூப்பிரண்டே கோர்ட்டுக்கு எழுதணுமாம். எழுதறன்னு அவரு சொல்ற வரைக்கும் ஜெயிலு கேட்ட விட்டு நகர மாட்டன். இவன் பக்கத்துல படுக்கிற பீகார் பையனுக்கும் அதே கணக்குதான், கேக்கத்தான் ஆளில்ல. அவனுக்கும் சேத்துக் கேக்கப் போறன்.”

“அவன எதுக்கு இழுக்கற? உன் மகன் வெளிய வந்துட்டா, அந்த எடத்துல அவனும் நல்லா மல்லாந்து படுப்பான்.”

“அங்க எதுக்குப் படுக்கணும்? அவங்கம்மா வூட்ல போய்ப் படுக்கட்டும்.”