ஆறு முழ டிங்கி

— அஞ்சேகால் முழம்! ஸஹாப்தீன் நானா, வடிவாய்ப் பாருங்கோ. நான் கேட்டது ஆறு முழ டிங்கி. இது என்ரை கைக்கு அஞ்சேகால்தான் நிக்குது, விளங்குதோ?

— பேணாட் சுக்கானியார், சும்மா சொல்லல்ல, நாப்பது வருசமா இந்தக் கிண்ணியாக் கரையில வள்ளம் கட்டுறன். ஸஹாப்தீன்ட அளவு பிழைச்சிட்டு என்டு ஒரு மனிசன்ட வாயால இண்டைக்குத்தான் கேக்கிறன்.

— பிழையைப் பிழை எண்டுதானே சொல்ல வேணும். என்ரை பாய்ப்படகு விடிவெள்ளியின்ரை மேல்தட்டிலை ஆறு முழத்துக்கு இடம் ஒதுக்கி வைச்சிருக்கிறன், பாய் விரிச்சு ஓடேக்கை டிங்கியைத் தூக்கிக் கவிட்டு வைக்கிறதுக்கு. இதைக் கொண்டுபோய் வைச்சால் சுத்திவர இடம் சும்மா கிடக்கும். பாக்கிற சனம் சிரிக்கும்.

— இன்பமலர் தங்கச்சி, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்களே. ஒங்கட மனிசன் வந்ததுல இருந்து என்ட வள்ளத்துக்குக் குத்தம்தான் படிக்கிறார்.

— நான் என்னத்தைச் சொல்ல, நானா? அளக்கிறவர் வடிவாய் அளந்து முடிக்கட்டும்.

— நீ போய் அந்த நிழலிலை இரு, இன்பம். இது ஆம்பிளையளின்ரை அலுவல். நானா, நீளத்தை விடுங்கோ. இந்தத் துடுப்புத் தண்டைப் பாருங்கோ. இது தண்டோ, குசினி அகப்பையோ? இருந்து வலிக்கிற பலகையும் கால் முட்டுற மாதிரிக் கிட்டக் கிடக்கு. நான் இதிலை இருந்தால் முழங்கால் நாடியிலை இடிக்கும்.

— பலகையப் பத்தி மட்டும் பேசாதீங்க. சவண்டலைப் பலகை. கந்தளாய்க் காட்டில நின்ட மரம், நானே போய்த் தட்டிப் பாத்து எடுத்தது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்க வருகுதா என்டு பாருங்க. மூணு நாளா இந்தக் கட்டையில கட்டி மிதக்க விட்டிரிக்கி.

— வேலை திறம். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. விளிம்பைத் தடவினால் முட்டைக் கோது மாதிரிக் கிடக்கு. ஆனால் ஆருக்குக் கட்டினீங்கள்? பின்னாலை பாருங்கோ, அங்கை மட்டும் கலியாண வீட்டுக் கதிரை மாதிரி ஒரு அகலப் பலகை! டிங்கியிலை அப்பிடி ஆர் போடுறது?

— போடச் சொன்னாங்க, போட்டன்.

— நான் சொல்லேல்லை.

— ஒங்கட வீட்டுல இருந்துதான் சொல்லி வந்திச்சு. கேளுங்க, சுக்கானியார். எங்கட பட்டறையில அடிக்கோல் வைச்சு வள்ளம் கட்டுறல்ல. தண்டு வலிக்கிற ஆள் ஆரோ, அவர்ட முழம்தான் அளவு. அவர்ட முழத்தில வள்ளம், அவர்ட முழத்தில பலகை, அவர்ட முழத்தில தண்டு. என்ட வாப்பா அப்படித்தான் கட்டினார். அதாலதான் ஸஹாப்தீன்ட வள்ளத்தில ஏறின ஆளுக்கு இடுப்பு நோகாது. தங்கச்சி வந்து ஆறு முழம் என்டு சொன்னாங்க. ஆர்ட முழம் என்டு கேட்டன். அடுத்த கிழமை இந்தக் கோலக் கொண்டந்து தந்தாங்க. இந்தா, இன்னும் பட்டறையில பத்திரமா வைச்சிரிக்கன்.

— கோலோ? எந்தக் கோல்? இன்பம், நீ கோல் குடுத்தனியோ?

— ஓம், குடுத்தனான். எங்கடை வேலியிலை நிண்ட கிளுவங்கம்புதான்.

— என்ரை கையை எப்ப அளந்தனி?

— அளக்காமல் வெட்டேல்லை.

— சரி, சரி, இப்ப கதையை முடிப்பம். சுக்கானியார், வலக்கையத் தாங்க. முழங்கையில கோல வைச்சுப் பாத்தா ஆர் சரி, ஆர் பிழை என்டு தெரிஞ்சிடும்.

— இந்தாங்கோ.

— இது எடக்கை. வலக்கையத் தாங்க.

— ரெண்டும் ஒரே நீளம்தானே!

— என்ன, தோள் ஏதும்...?

— ஒண்டுமில்லை. ராத்திரி சரிஞ்சு படுத்ததிலை ஒரு பிடிப்பு. நீங்கள் கோலை வையுங்கோ.

— ...மூணு விரல் குறையுது. அல்லாஹ்வே. அப்ப கோல்தான் பிழை. கேட்டுக்கொள்ளுங்க, ஸஹாப்தீன்ட அளவில பிழையில்ல. கோலில பிழை.

— ஆற்றை பிழை எண்டாலும் எனக்கு இது வேண்டாம். அங்கை புளியமரத்துக்குக் கீழை கவிட்டுக் கிடக்கிற நேவி டிங்கியை எடுப்பம். அதுதான் விடிவெள்ளிக்குத் தோதான சோடி. விடிவெள்ளியும் வெள்ளைக்கார நேவி போகேக்கை ஏலத்திலை எடுத்ததுதானே, ஐம்பத்தேழிலை. பதினொரு வருசமாய் அவளைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாக்கிறன்.

— அதுவா? அது கல்லு மாதிரிக் கனம். ரெண்டு ஆள் தூக்க ஏலாது. தண்டு ஒவ்வொண்டும் ஒரு வாழை மரம் பருமன்.

— நானா, நீங்கள் ஆரோடை கதைக்கிறீங்கள் எண்டு நினைக்கிறீங்கள்? வெள்ளைக்காரன்ரை காலத்திலை திருகோணமலை உட்துறைமுகத்திலை அட்மிரல்மாரை இறங்குதுறையிலையிருந்து கப்பலுக்குக் கொண்டு போனவன் நான். எங்கடை ஆக்கள் ஆறு பேர் தண்டு வலிப்பினம், நான் சுக்கான் பிடிப்பன். அட்மிரல் பின்பலகையிலை காலுக்கு மேலை கால் போட்டுக்கொண்டு, தொப்பியும் சரியாமல், மகாராசா மாதிரி இருப்பார். ஒருநாளாவது அவற்றை சப்பாத்திலை ஒரு துளி தண்ணி பட்டதோ எண்டு துறைமுகத்திலை ஆரையும் கேளுங்கோ!

— கேட்டிருக்கன், கேட்டிருக்கன். கிண்ணியாவில கைக்குழந்தைக்கும் அந்தக் கதை தெரியும். ஆனா அது அப்ப. இப்ப விடிவெள்ளி கட்டி நிக்கிற இடத்துக்குக் கரையில இருந்து எவ்வளவு தூரம்? தனிய ஒரு மனிசன் நேவி டிங்கிய அங்க வலிச்சுக்கொண்டு போறதென்டா...

— போவன். போகாமல் என்ன? ஞாயிற்றுக்கிழமை தவராசா வாறான். கொந்திறாத்து எடுத்து வேலை செய்யிற தவராசா. விடிவெள்ளியிலை அவனுக்கு எப்பவும் ஒரு கண். 'படகுக்குப் போய் ஏற ஒரு டிங்கி இல்லாதவருக்குப் படகு என்னத்துக்கு' எண்டு சந்தையிலை எல்லாருக்கும் முன்னாலை கேட்டிட்டான். எனக்கு ரோசம் வந்திட்டுது. 'ஞாயிற்றுக்கிழமை வா, நான் டிங்கியிலை போய் ஏறிப் பாய் விரிக்காட்டி விடிவெள்ளி உனக்குத்தான்' எண்டு வாயை விட்டிட்டன்.

— யா அல்லாஹ்! அப்படியா சொன்னீங்க?

— சொன்னனான். சொன்ன சொல்லு சொன்னதுதான்.

— அப்ப ஒங்கட பழைய டிங்கி?

— அது கச்சான் காத்திலை கயிறு அறுந்து போய்ப் பாறையிலை அடிச்சுது எண்டு எத்தினை தரம் சொல்லுறது?

— கோவிக்கக் கூடா. மீன் பிடிக்கிற அஸீம் வேற கதை சொன்னான். சுக்கானியார் நடுத்துறையில ஒத்தத் தண்டோட சுத்திச் சுத்தி நிண்டதாம். அவன்தான் கட்டி இழுத்துக் கரை சேத்ததாம். டிங்கி பொறகுதான் அடிபட்டுப் போனதாம்.

— அஸீமுக்கு வாய் நீளம்! தள்ளுங்கோ, அந்த நேவித் தண்டைத் தாங்கோ. இப்ப இந்த இடத்திலை வைச்சுக் காட்டுறன்.

— மெதுவா, சுக்கானியார், மெதுவா. ரெண்டு கையாலயும்... ஏய், ஏய், கால், கால்! தண்டு விழுந்திட்டு. காலில படல்லயே?

— கை வழுக்கினது. வார்னிஷ்.

— அந்தத் தண்டில வார்னிஷ் போய்ப் பத்து வருசம்.

— வழுக்கினது எண்டால் வழுக்கினதுதான்! இன்பம், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அங்கை தண்ணிக்கை ஏன் இறங்குறாய்? இன்பம்! அந்தச் சின்ன டிங்கியிலை ஏன் ஏறுறாய்? சேலை நனையப் போகுது!

— நனைஞ்சால் காயும். நானா, அந்தக் கயிறை அவிட்டு விடுங்கோ.

— தங்கச்சி, வேணாம், ஆட்டும். நடுவில... அட. ஆட்டல்லயே. நடுவிலதான் கால வைச்சீங்க. சுக்கானியார், இங்க பாருங்க. காலுக்குப் போட்ட கட்டை தங்கச்சிட பாதத்துக்குச் சரியா இரிக்கி. பலகையும் சரி. தண்டு ரெண்டும் நெஞ்சுக்கு நேர வருகுது. தங்கச்சி, கைய நீட்டுங்க. வலக்கைய. இந்தக் கோல முழங்கையில வைங்க.

— சரிதானே, நானா?

— ஒரு நூல் பிசகல்ல. இது ஒங்கட கை!

— நீங்கள் தண்டு வலிக்கிற ஆளின்ரை முழம் கேட்டீங்கள். அதைத்தான் தந்தனான்.

— இன்பம்... உனக்கென்ன விசரே?

— சுக்கானியார், சத்தம் போடாதீங்க, பொறுங்க. தங்கச்சிக்கு வலிக்கத் தெரியுமா?

— தெரியுமோவெண்டோ? நானா, அவள் மூதூர் சவிரியின்ரை மகள்! பதினாறு வயசிலை தேப்பனோடை தோணி வலிச்சுக்கொண்டு திருகோணமலைச் சந்தைக்கு மீன் கொண்டு வந்தவள். பின்காத்து இல்லாத நாளிலையும் வருவாள். அப்பிடி வரேக்கைதான் நான் முதல் முதல்... அது கிடக்கட்டும். அதெல்லாம் நடந்து முப்பது வருசம்!

— முப்பது வருசம் இல்லை. மூண்டு மாசம்.

— என்ன மூண்டு மாசம்?

— செவ்வாய்க்கிழமையளிலை லோஞ்சுப் படகேறி மூதூருக்குப் போறன். எங்கை போறன் எண்டு நினைச்சீங்கள்?

— அந்தோனியார் கோயிலுக்கு.

— கோயிலுக்கும் போனனான். பிறகு என்ரை தங்கச்சியின்ரை மனிசன்ரை வள்ளத்தை இரவல் வாங்கி, கரையோரமாய்ப் பழகினனான். முதல் கிழமை கை கொப்பளிச்சுது. இப்ப காய்ச்சுப் போச்சு.

— காட்டு கையை. ...உள்ளங்கை முழுக்க! உரல் இடிச்ச காய்ப்பு எண்டெல்லோ நான் நினைச்சன். ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?

— நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ? கயிறு அறுந்தது எண்டீங்கள். நானும் ஓமெண்டனான். விடியக் காலமை கையைத் தூக்க ஏலாமல் நிக்கிற மனிசனுக்குச் சேட்டைப் போட்டுத் தெறி பூட்டி விடுறது ஆர்? நான்தானே. எனக்குத் தெரியாதோ?

— ...நானா.

— சொல்லுங்க, சுக்கானியார்.

— கயிறு அறுபடேல்லை. என்ரை தோள்தான் விட்டுப் போச்சு. அஸீம் சொன்னது மெய். அண்டைக்கு அவன் வராட்டி நான் பாறையிலைதான்.

— தெரியும். கிண்ணியாவில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சிரிக்கல்ல.

— ஆனாலும் இது எப்பிடியப்பா? ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்கச் சனம் நிக்கும். தவராசா நிப்பான். பேணாட் சுக்கானியைப் பெண்சாதி வலிச்சுக்கொண்டு போறாள் எண்டு ஊர் கதைக்கும். நான் சும்மா கையைக் கட்டிக்கொண்டு பின்னாலை குந்தியிருக்கிறதோ? எனக்கு ஏலாது, இன்பம். விடிவெள்ளியைக் குடுத்தாலும் குடுப்பன், இந்த வெக்கம் எனக்கு ஏலாது.

— ஒண்டு கேக்கிறன், அவ்வளவுதான். நீங்கள் கொண்டு போன அட்மிரல்மாரிலை ஒருத்தராவது தண்டைத் தொட்டவையோ?

— அவை ஏன் தொடப் போகினம்? அவை அட்மிரல்மார்!

— அவையைப் பாத்துக் கரையிலை ஆரும் சிரிச்சவையோ?

— சிரிக்கிறதோ? தொப்பியைக் கழட்டிக்கொண்டு நிப்பினம்.

— அதுக்குத்தான் பின்பலகையை அகலமாய்ப் போடச் சொன்னனான். தொப்பியை நேராய்ப் போட்டுக்கொண்டு ஏறுங்கோ, அட்மிரல். உங்கடை சப்பாத்திலை ஒரு துளி தண்ணி படாது.