மட்டமான வேலை அல்ல

தெர்மாகோல் மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றக் கூடாது. ரெசின் விற்கும் கடையில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், கேட்பது என் ஜாதகத்தில் இல்லை.

நான் குளியல் தொட்டி விற்கும் கடையில் வேலை செய்கிறேன். தொட்டிகளைச் சுற்றி வரும் தெர்மாகோல் துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து, ஒன்றோடொன்று ஒட்டி, என் பழைய காருக்கு ஒரு முன் பம்பர் செதுக்கினேன். அப்படி ஒரு வளைவு, அப்படி ஒரு மூக்கு. அதைக் கெட்டியாக்க ரெசின் பூசும் நாளன்று குடும்பத்தையே கார் ஷெட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அம்மா, தங்கை, தங்கை புருஷன். சின்னதாக ஒரு பேச்சுகூடப் பேசினேன். பிறகு டப்பாவைக் கவிழ்த்தேன்.

உஸ் என்று ஒரு சத்தம். மூக்கு உள்ளே போனது. பிறகு கன்னம். கண்ணெதிரே பம்பர் பிசினாகி, தரையில் ஓடி, அம்மாவின் ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டது. அந்தச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள். நான் திரும்பாமல் நின்றேன். கண் எரிந்தது. ரெசின் வாடைக்கு யாருக்கும் எரியும். அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து "தெர்மாகோல்" என்று ஒரு வார்த்தை. யார் குரல் என்று பிடிபடுவதற்குள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன்.

நேற்று வாயால் சொன்னதை இன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எழுதுகிறேன். பேனா மூடியால் காதைக் குடைவதை மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொண்டால் எனக்கு யோசனை ஓடும்.

பெயர் ஒட்டிக்கொண்டது. ரெசின் ஒட்டாத இடத்தில்கூட ஒரு பட்டப்பெயர் ஒட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போதே "தெர்மாகோல் இருக்காரா?" என்பான். ஒரு நாள் கடைக்கே வந்து கேட்டான். அதன் பிறகு முதலாளி முதல் லோடு ஏற்றுகிறவர் வரை எனக்கு அதுதான் பெயர். செருப்பைக் கழற்றாமல் தொட்டிக்குள் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போகிற வாடிக்கையாளர்கள்கூட, "அந்த தெர்மாகோல் சாரைக் கூப்பிடுங்க" என்றார்கள்.

யார் முதலில் சொன்னது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குடா இப்ப? யாரோ ஏதோ சிரிப்புக்குச் சொன்னாங்க."

"யாரோன்னா?"

"முதல்ல அந்தத் துண்டைத் தனியா துவை. என் முதுகெல்லாம் உன் கண்ணாடித் தூள் குத்துது."

எங்கள் வீட்டில் நேரான கேள்விக்கு நேரான பதில் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் எனக்குப் பதில் தேவைப்படவில்லை. சிரிப்பு எந்த வாயிலிருந்து பெரிதாக வந்ததோ, வார்த்தையும் அந்த வாயிலிருந்துதான் வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க உங்கள் சீருடை தேவையில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். வாரம் முழுக்க, "கிளட்ச், கிளட்ச், ஐயோ கிளட்ச்" என்று கத்திக்கொண்டு நத்தை வேகத்தில் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தன் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய் வாரம் முழுக்கப் போகாத வேகத்தையெல்லாம் மொத்தமாகப் போய்விட்டு வருவான். வந்து டீ குடித்துக்கொண்டே வேகத்தைப் பற்றிப் பேசுவான். மனிதனுக்கு மூளை இருக்கும் இடத்தில் அவனுக்கு ஆக்ஸிலரேட்டர் இருந்தது. என் தங்கை நன்றாகப் படித்தவள். அவனிடம் எதைக் கண்டாள் என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். "நல்லா சிரிப்பாருண்ணா" என்றாள். இதுவா ஒரு தகுதி? கழுதைப்புலியும்தான் சிரிக்கிறது.

நான் வேலையைக் கற்றுக்கொண்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் ஃபோம் வாங்கினேன். அது ரெசினுக்குக் கரையாது. ரொட்டி வெட்டும் கத்தியால் செதுக்கி, உப்புத்தாள் போட்டு இழைத்து, அதன் மேல் கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் மேட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்து, பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி ஊற வைப்பேன். காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் கூடினால் டப்பாவிலேயே புகைந்து இறுகிவிடும். குறைந்தால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. காய்ந்த பிறகு பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. உடம்பெல்லாம் அரிக்கும். வெந்நீரில் குளித்தால் தூள் தோலுக்குள் இறங்கிவிடும், பச்சைத் தண்ணீர்தான். நாள் முழுக்கக் குளியல் தொட்டி விற்றுவிட்டு வீட்டில் பச்சைத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்கிறவன் நான். சிரிக்கலாம், எனக்கும் சிரிப்பு வரும்.

என் காருக்கு முன் பம்பர், பின் பம்பர், கதவுக்கு அடியில் ஓடும் ஸ்கர்ட் எல்லாம் செய்து மாட்டினேன். தெருமுனை டிங்கர் வந்து தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போனார். சுத்தியலால் தட்டிப் பிழைக்கிறவர்களின் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை வந்தான்.

"மச்சான், எனக்கு ஒரு பானெட் செஞ்சு தாங்க. நடுவுல திமில் மாதிரி எழும்பணும்."

"உள்ள காத்துப் போறதுக்கா?"

"காத்து எங்கயோ போகட்டும். சும்மா ஒரு கெத்துக்கு."

"கடையில ரெடிமேடா கிடைக்குமே, மாப்பிள்ளை."

"கடையில வாங்குனதை யார்கிட்டப் பெருமையா காட்டுறது? இது தெர்மாகோல் கையால செஞ்சதுன்னா, அதுக்கு மதிப்பே தனி."

என் ஷெட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னிடமே உதவி கேட்கும்போதும் அந்தப் பெயர். செய்து தருகிறேன் என்றேன். நான் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவேன்.

பானெட் என் வாழ்க்கையிலேயே நான் செய்த நல்ல பொருள். அவனுடைய இரும்பு பானெட் மேலேயே ஃபோம் ஒட்டித் திமிலைச் செதுக்கி, மேட் போட்டு இறுக்கி, பிறகு தனியாகப் பிரித்துக் கவிழ்த்து உள்பக்கமும் மேட் போட்டேன். ஒரு நெளிவு கிடையாது. வெயிலில் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் அதன் மேல் தடுக்கி விழாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். பானெட்டின் முன்முனையில், பூட்டில் போய் மாட்டும் கொக்கி ஒரு இரும்புத் தகட்டில் இருக்கும். அந்தத் தகட்டைச் சொரசொரப்பாகத் தேய்த்து, மேட் அடுக்குகளுக்கு நடுவில் வைத்து, ரெசின் ஊற்றி இறுக்க வேண்டும். அப்போதுதான் ஃபைபரும் இரும்பும் ஒன்றாகிவிடும். பூட்டு தவறினால் பிடிக்க வேண்டிய இரண்டாவது கொக்கியும் அதே தகட்டில்தான். நான் தகட்டைத் தேய்த்தேன். பிறகு பளபளப்பாக்கினேன். பிறகு அதற்கு மெழுகு தடவினேன். அச்சு எடுக்கிறவர்கள், பொருள் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவுகிற மெழுகு. கையால் இழுத்துப் பார்த்தால் அசையாது. பூட்டினால் டக் என்று உட்காரும். ஆனால் தகடு எதையும் பிடித்துக்கொண்டிருக்காது; உறைக்குள் கத்தி மாதிரி சும்மா செருகிக்கொண்டிருக்கும். குலுங்கக் குலுங்கத் தளரும். பிறகு ஒரு நாள், காற்று போதுமான அளவு அடிக்கும்போது, விட்டுவிடும். மெதுவாகப் போகிறவனுக்கு அது கடைசிவரை விடாது. ஆகவே விட்டது நானில்லை, வேகம் என்றும் ஒருவர் வாதிடலாம்.

தங்கையை அந்த ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு அவன் கூட்டிப்போவதில்லை என்பதை முதலில் விசாரித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் மெழுகு டப்பாவைத் திறந்தேன். நான் ஒன்றும் மிருகம் இல்லை. சொல்லப்போனால் அவளுக்காகத்தான் செய்தேன். எப்படியும் ஒரு நாள் எங்காவது மோதி அவளைத் தவிக்க விடுகிறவன்தானே? ஒரு முறை பயந்துவிட்டால் திருந்திவிடுவான் என்று நினைத்தேன். திருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

பானெட்டை மாட்டும்போது அவனே கேட்டான்.

"மச்சான், ரெண்டு பக்கமும் பின் குத்திடலாமா? ஃபைபர் லேசா இருக்குமாம். வேகத்துல தூக்கிடும்னு சொல்றாங்க."

"பின் குத்தினா நல்ல மூஞ்சியில ஆணி அடிச்ச மாதிரி இருக்கும், மாப்பிள்ளை."

"அப்ப லாக் மட்டும் போதுமா?"

"செஞ்சது யாரு?"

"அப்ப சரி" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான். மேற்கொண்டு ஒரு கேள்வி கிடையாது. சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். போகும்போது பானெட்டைத் தட்டி, "தெர்மாகோல் தெர்மாகோல்தான்" என்றான்.

முதல் ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது முறை கிளம்பும்போது வீட்டுக்கு வந்து, "வாங்க மச்சான், உங்க வேலை எப்படிப் பறக்குதுன்னு நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டான். தலைவலி என்றேன். "தைலம் தடவிக்கிட்டுப் படுங்க, வரும்போது மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்றான். வரவில்லை. நெடுஞ்சாலையில் பானெட் எழுந்து கண்ணாடியை மூடியிருக்கிறது. பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறான். அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கிறது. வேறு யாருக்கும் அடி இல்லை என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைக்கூட எழுதுகிறேனே, அதை வைத்தே என்னைப் புரிந்துகொள்ளலாம்.

உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் வண்டியின் சாமான்களை வாங்கிப்போக என்னை வரச் சொல்லி, என் முகத்துக்கு நேராக என்ன சொன்னீர்கள்?

"வீட்டுல உட்கார்ந்து பசை போட்டு ஒட்டுன சாமான். மட்டமான வேலை. பறக்காம என்ன செய்யும்? போங்க சார், இனிமேலாவது தெரியாத வேலையில கையை வைக்காதீங்க."

பரிதாபப்பட்டு என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தீர்கள்.

வாசல்வரை போனேன். மேலே போக முடியவில்லை. திரும்பி வந்து, கிழிந்த பானெட்டைக் கொண்டுவரச் சொல்லி, தகடு இருந்த குழியில் உங்கள் விரலைப் பிடித்து வைத்தேன். வழுவழுவென்று இருந்ததா இல்லையா? கவனக்குறைவாகச் செய்தவன் வேலை அப்படி இருக்குமா? மற்ற இடத்தில் எங்காவது ஒரு விரிசல், ஒரு குமிழி காட்டுங்கள் என்றேன். பாலத்தில் மோதியும் திமில் உடையவில்லை. நல்ல வேலையா, மட்டமான வேலையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று நேற்று முழுக்கக் கேட்டேன். நீங்கள் டீ சொல்லி அனுப்பினீர்கள். நீங்களும் எங்கள் வீட்டு ஆள் மாதிரிதான்.

ஆகவே எழுதித் தருகிறேன்: பானெட் தானாகக் கழன்றுகொள்ளவில்லை. எப்படிக் கழல வேண்டும் என்று நினைத்தேனோ அப்படிக் கழன்றது. என் வேலையில் குறை இல்லை. குறை அவன் வாயில் இருந்தது. அந்தப் பெயரை அவன் எனக்கு வைக்காமல்

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டியிருந்தது. தங்கை வந்திருக்கிறாள் என்றீர்கள். பாதியில் விட்ட வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். இனி அதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

அவள் எதிரே உட்கார்ந்தாள். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள், காது குடையாமல். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைத்தான் பார்த்தாள். நகக்கண்ணில் காய்ந்த ரெசின் இன்னும் போகவில்லை.

"ஏண்ணா?" என்றாள்.

"உன் புருஷன் எனக்கு ஒரு பேரு வச்சானே. ஊரே கூப்பிடற மாதிரி. அவன் மட்டும் அதை வைக்காம இருந்திருந்தா..."

"அவர் வைக்கலண்ணா."

நான் அவளைப் பார்த்தேன்.

"நான்தான் வச்சேன். உனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு நான்தான் சொன்னேன். நீ திரும்பாம நின்னியா, அழுதுடப்போறியோன்னு பயந்துட்டேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்."