இடக்கை எலும்பு

"ஹலோ... வஅலைக்கும் ஸலாம்... ஓம், ஓம், சரீப்தான். சொல்லுங்க மாமி... கிளாஸ் நடக்குதுதான், பரவால்ல. பென்சீன் கீறிக்கிட்டு நிக்கன். அது எங்கயும் ஓடிப்போகாது..."

சரீப் மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம். லீவில் சாய்ந்தமருதுக்கு வந்தால் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியலும் சேதன இரசாயனமும் சொல்லிக்கொடுப்பான். பாதி பாடம், பாதி பகிடி. அழைப்பு எடுத்தது மாணவி நுஸ்ஹாவின் உம்மா, சித்தி லைலா.

"...எலும்பா? ஓம், நேத்துக் காட்டின. நிசமான கைதான். பயந்திட்டாளா? எங்கட உம்மாவும் அப்பிடித்தான் மாமி. அந்த எலும்புப் பெட்டி ஊட்டுக்குள்ள கிடந்தா எனக்குச் சோறில்லயாம்... ஆ?... ஆர்ட எண்டா?"

வெண்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்பு நடக்கும் ஓலைக் கொட்டிலுக்கு வெளியே வந்தான். வெளியே வந்தால் கடல்தான்.

"...கடலால வந்ததில்ல மாமி... வன்னியிலிருந்தும் இல்ல. சண்டை போன மாசம்தானே முடிஞ்ச. இது பழசு. என்ட சீனியருக்கு அவர்ட சீனியர் குடுத்தது... எந்த வருசமா?... அது... சரியாத் தெரியா."

சித்தி லைலாவின் மூத்தவன் ஸிராஜ் சுனாமியன்று காலை கடற்கரைக்குப் பந்தடிக்கப் போனவன். அடக்க மையத்துக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனும் சரீபும் ஒரே வாங்கில் இருந்தவர்கள்.

"...ஓம், இடக்கைதான். எலும்புக்கூட்டுல மத்தப் பாதி கூட்டாளிட்ட... ஞாபகம் இரிக்கு மாமி. கொய்யா மரம். ஒரே கொப்பிலதானே ரெண்டு பேரும் இருந்த. விழுந்ததில அவனுக்கு இடக்கை, எனக்குக் காற்சட்டை... ஓம், முறிஞ்சு ஒட்டின இடம் தெரியும். கொஞ்சம் தடிச்சுக் கிடக்கும்... இப்பவே போய்ப் பாக்கவா?"

சரீப் நகரவில்லை.

"மாமி... பாக்கத் தேவையில்ல... இல்ல, கேளுங்க. பெட்டி கைக்கு வந்த அண்டைக்கே பாத்த... ஓம், நான்தான். ஹொஸ்டல்ல கதவைப் பூட்டிப்போட்டு விரலால தடவித் தடவி... இல்ல மாமி. தடம் இல்ல. வழுவழு எண்டு கிடந்த... அவன் இல்ல."

உள்ளே எவனோ, நேற்று சரீப் காட்டிய அதே பகிடியாக, எலும்புக் கையைப் பிடித்துக் குலுக்கினான். கொட்டிலே சிரித்தது.

"டேய், வைடா அத!... உங்களுக்கில்ல மாமி... ஓம். ஆரோ ஒரு உம்மாட புள்ளதான்... ஓம், துணியால மூடி வைக்கன்... சிரிக்க விடமாட்டன், வல்லாஹி... நுஸ்ஹாவ அனுப்புங்க, அவ நல்லாப் படிக்கிற புள்ள... ஆ?... அடுத்த வருசம் வேற எலும்பு தந்தாங்க எண்டாலா?"

அலை ஒன்று வந்து திரும்பிப் போனது.

"...ஓம் மாமி. அதையும் பாப்பன்... எது வந்தாலும் முதல்ல இடக்கையத்தான் பாப்பன்... ஹலோ?... மாமி?..."

லைன் அறுந்த பிறகும் சரீப் இன்னொரு ஓம் சொன்னான்.