பதினான்காவது பிழை

நீங்கள் தட்டச்சு செய்து கையெழுத்துக்காக அனுப்பிய என் வாக்குமூலத்தில் பதினான்கு பிழைகள் இருக்கின்றன, ஐயா. இரண்டு பக்கத்துக்குப் பதினான்கு என்பது அவ்வளவு மோசமில்லை. பேராசிரியர்கள் எழுதிய புத்தகங்களிலேயே ஒரு பக்கத்துக்கு இருபது பார்த்தவன் நான். பதின்மூன்றைச் சிவப்பு மையால் திருத்தி ஓரத்தில் குறித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒற்று வேண்டாத இடத்தில் ஒற்று விழுந்திருக்கிறது. உங்கள் காவலர் தாராள மனசுக்காரர். பதினான்காவதைத் திருத்த ஓரத்தில் இடம் போதவில்லை. அதனால்தான் இந்தத் தனித்தாள்கள்.

அன்று நீங்கள் வந்தபோது என் அறையின் அலமாரிகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் படிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் பேசாமல் இருப்பதை மனிதர்கள் தங்களுக்குத் தோதாக எதுவாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

முப்பத்தொரு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அதில் பிழை தேடுகிற வேலை. ஒழுங்காகச் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் படியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் பேனாவோடு பின்னால் வரவேண்டும். பன்னிரண்டு வருடம் எனக்கு உரக்கப் படித்தவள் என் தங்கை. காற்புள்ளி, அரைப்புள்ளி, மேற்கோள் தொடக்கம், மேற்கோள் முடிவு என்று ஒன்று விடாமல் படிப்பாள். பக்கம் முடிந்ததும் நிறுத்துவாள். சரிபார்த்த பக்கத்தின் மூலையில் நான் ஒரு கோடு போட்டுத் தலையாட்டும்வரை அடுத்த பக்கம் புரளாது. அந்த இடைவெளியில் இருவரும் பேசமாட்டோம். சில நாள் அது கால் மணி நேரம்கூட நீளும். அப்படியொரு மௌனத்தை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள். உங்கள் நிலையத்தில் அதற்கு வாய்ப்பும் குறைவு.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. நான் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மாப்பிள்ளை, குளிர்சாதன இயந்திரங்கள் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தார். கூடவே ஒரு கார் வந்தது. அதை என் அறைக்கு நேர் கீழே இருந்த கொட்டகையில் நிறுத்தினார். நல்ல மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவரை வெறுக்க ஒரு காரணமாவது கொடுத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் காருக்கு ஏற்கெனவே முந்நூறு குதிரைகளின் பலம். எங்கள் தெருவில் அனுமதிக்கப்பட்ட வேகம் முப்பது. ஆக, ஒரு கிலோமீட்டருக்குப் பத்துக் குதிரை வீதம் கையிருப்பில் இருந்தது. மாப்பிள்ளைக்குப் போதவில்லை. ஐந்நூறு வேண்டுமாம்.

"இன்ஜினுக்கு மூச்சு பத்தல மச்சான்," என்றார் ஒருநாள், மாடிப்படியில் என்னை மறித்து. "டர்போன்னா வேற ஒண்ணுமில்ல. வெளிய போற புகை ஒரு சக்கரத்தைச் சுத்துது. அந்தச் சுத்துல இன்னும் காத்து உள்ள போகுது. வீணாப் போறதையே வேலை வாங்குறோம் பாருங்க."

"சரி," என்றேன்.

"பெரிய டர்போ போட்டா இன்னும் தள்ளும். ஆனா காத்து சூடாயிடும். அதை ஆத்துறதுக்குப் பெரிய இன்டர்கூலர் வேணும். காத்து கூடினா பெட்ரோலும் கூடணும். பம்பை மாத்தணும்."

"அப்புறம்?"

"அப்புறம் நிக்கணும்ல மச்சான்? அதான் பிரேக்கும் பெருசாக்கணும்."

ஒன்றைப் பெரிதாக்கினால் பக்கத்தில் இருப்பது சிறிதாகிப் போகும். பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கினால் அதற்கும் பக்கத்தில் இருப்பது. இதற்கு மருந்து கிடையாது, ஐயா. ஸ்பேனர்தான் உண்டு.

ஏழு மாதம் நடந்தது. வேலைநாள்களில் சாயங்காலம், விடுமுறை நாள்களில் காலையிலிருந்தே. சுத்தியல், கிரைண்டர், பிறகு இன்ஜினின் உறுமல். என் மேசையில் தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து, நான் திருத்திக்கொண்டிருந்த தத்துவ நூலின்மேல் ஒருமுறை விழுந்தது. அந்த நூலுக்கு அது கெடுதல் செய்ததாகச் சொல்ல முடியாது. இதையெல்லாம்விட ஆக்சிலேட்டரை விடும்போது டர்போவிலிருந்து மிச்சக் காற்று வெளியேறும் சத்தம் ஒன்று உண்டு. யாரோ முகத்துக்கு நேராக "உஷ்" என்று அதட்டுவதுபோல இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில், என் சொந்த வீட்டில், வாயே திறக்காத என்னைப் பார்த்து ஓர் இயந்திரம் உஷ் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

ஒருநாள் பஞ்சு தீர்ந்துபோனது. இன்ஜின் ஓடவில்லை, சுத்தியலும் இல்லை. தரைக்குக் கீழிருந்து என் தங்கையின் குரல் வந்தது.

"டர்போ ஆயில் பைப், மேல் போல்ட். அளவு இருபத்திரண்டு."

இடைவெளி.

"டக்," என்றது ஸ்பேனர். அது சரியான இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கிற வகை.

"போட்டாச்சு, கோடு போடு," என்றார் அவர்.

இறங்கிப்போய்ப் பார்த்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து தடிமனான பழுதுபார்ப்புக் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அளவுப்படி இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்பு வரைக்கும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு சின்னக் கோடு. போல்ட் பின்னால் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு இல்லாத போல்ட் இன்னும் இறுக்காதது. கோடு இருந்தால் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

"எல்லாம் உங்க முறைதான் அண்ணா," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் செய்யணும், முடிஞ்சா கோடு. இவருக்குச் சொல்லிக்குடுத்துட்டேன்."

என் முறைதான். ஒரே ஒரு வித்தியாசம். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை விசிலடித்தார்.

அந்த வாரம் என் மேசையில் முந்நூறு பக்கம் காத்திருந்தது. "எப்ப படிக்கலாம்?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் பாக்கலாம் அண்ணா. இந்த வாரம் ரேடியேட்டர் போடறோம்."

"நீயுமா?"

"பின்ன? நான் படிக்கலைன்னா இவர் குத்துமதிப்பா முறுக்கிடுவார்."

அடுத்த வாரமும் வந்தது, அதற்கடுத்ததும். நான் தனியாகவே படித்துத் தனியாகவே திருத்தினேன். பிழை எதுவும் தப்பவில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. பிரேக் மாற்றும் நாள். தங்கைக்குப் பல்வலி, மருத்துவரிடம் கிளம்பினாள். போகும்போது என் அறைக்கு வந்து கையேட்டையும் வெள்ளைப் பேனாவையும் என் மடியில் வைத்தாள்.

"நீங்க கொஞ்சம் படிங்களேன் அண்ணா. ரெண்டு மணி நேரந்தான். பாவம், கையெல்லாம் கிரீஸ், அவரால பக்கத்தைத் திருப்ப முடியாது."

எனக்காக அவள் யாரிடமும் இப்படிப் பாவம் என்று சொல்லிக் கேட்டதில்லை. போனேன். முக்காலியில் உட்கார்ந்தேன். தெளிவாகவே படித்தேன், மாப்பிள்ளையே பாராட்டினார்.

"ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு மச்சான். நீங்க தினமும் வந்தா அவளை வேலையை விட்டுத் தூக்கிடலாம்."

சக்கரத்தின் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துகிற இரும்புப் பிடிக்குக் காலிப்பர் என்று பெயர். அதைத் தாங்குபவை இரண்டே போல்ட்டுகள். வலது முன்சக்கரத்துக்கு நான் அளவைப் படித்தேன், ஸ்பேனர் டக் என்றது, நான் கோடு போட்டேன். இடது பக்கம் வந்தார். இரண்டு போல்ட்டையும் விரலால் முறுக்கி நிறுத்தினார். அப்போது அவருடைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"இது வெறும் கையால போட்டதுதான் மச்சான். வந்து இறுக்குறேன், ஞாபகப்படுத்துங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போனார்.

பன்னிரண்டு நிமிடம் பேசினார். அதில் பத்து நிமிடம் நான் கையேட்டைத்தான் படித்தேன். அந்தப் பக்கத்தில் தடித்த எழுத்தில் கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கை இருந்தது. இந்த போல்ட்டுகள் இறுக்கப்படாவிட்டால் ஓட்டத்தில் கழன்று விழும், பிரேக் முற்றிலும் செயலிழக்கலாம், உயிருக்கு ஆபத்து. நல்ல வாக்கியம், பிழையில்லை. இரண்டு முறை படித்தேன்.

பிறகு குனிந்து, இடது சக்கரத்தில் இரண்டு கோடு போட்டேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இருக்காது.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எங்க விட்டேன் மச்சான்?"

நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்கிற வழக்கம் இல்லை. அது அவருக்குத் தெரியும். அவர் காத்திருக்கவில்லை. தானே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

"அட, முடிச்சிட்டேனா? அந்த ஆளு போன்ல கத்துன கத்துல எல்லாம் மறந்துபோச்சு." சிரித்துக்கொண்டே சக்கரத்தை மாட்டினார்.

கவனியுங்கள், ஐயா. நான் பொய் சொல்லவில்லை. ஸ்பேனரைத் தொடவில்லை. அவர் என்னைக் கேட்டார், ஆனால் கோட்டைத்தான் நம்பினார்.

எங்கள் தொழிலில் தேவையில்லாத சொல்லை எடுத்துவிட ஒரு குறி உண்டு. வாக்கியத்துக்கு வலிக்காது. இரண்டு பக்கத்துச் சொற்களும் நெருங்கி வந்து பழையபடி சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் நான் நினைத்தது. மறுநாள் ஓட்டிப்பார்க்க அவர் மட்டும்தான் போவதாக இருந்தது.

ஞாயிறு காலை காரைத் தெருவில் நிறுத்தினார். நான் மாடி ஜன்னலில் இருந்தேன். கதவைத் திறந்தவர் உள்ளே உட்காரவில்லை. சாவியை என் தங்கையின் கையில் வைத்தார்.

"நீ படிச்சுப் படிச்சுச் செஞ்ச வண்டி. முதல் ரவுண்டு நீதான்."

"ஐயோ, ஐந்நூறு குதிரையா? நான் மாட்டேன்பா."

"மெதுவாப் போ. நான் பக்கத்துல இருக்கேன்ல."

அவள் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். பெல்ட் மாட்டினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அண்ணா, வரீங்களா? ஒரே ஒரு ரவுண்டு," என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடத்தில் என் அறையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதையும் கவனித்தேன்.

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும். ஒரு சொல் சொல்லத் தாராளமாகப் போதும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஜன்னலிலிருந்து தெருவுக்குக் கத்துவது எனக்குப் பழக்கமில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன், வரவில்லை என்று. பிறகு ஜன்னலைச் சாத்தினேன். வண்டி கிளம்பினால் சத்தம் வரும்.

மீதியை நீங்களே நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இறக்கம், வளைவு, தண்ணீர்த் தொட்டியின் சுவர். மாப்பிள்ளைக்குத் தோள் எலும்பு முறிவு. தங்கைக்குத் தலையில் அடி. வலது கை கொஞ்சம் அசைகிறது. பேச்சு திரும்பாது என்கிறார்கள்.

இப்போது அந்தப் பதினான்காவது பிழை. இரண்டாம் பக்கம், ஒன்பதாம் வரி. "மைத்துனர் போல்ட்டை இறுக்க மறந்ததை, கோடு போட்ட நான் கவனிக்கத் தவறிவிட்டேன்." மாப்பிள்ளையும் இதையே நம்பிக்கொண்டு, கருவிகளையெல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, தன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் நான் எதையும் கவனிக்கத் தவறியதில்லை, ஐயா. கேட்டுப் பாருங்கள், எந்தப் பதிப்பாளரும் சொல்வார். இப்படியொரு வரிக்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. திருத்தம்: "இறுக்காத போல்ட்டுகள் என்று தெரிந்தே கோடு போட்டேன். தங்கை ஓட்டப்போகிறாள் என்று தெரிந்தும் தடுக்கவில்லை."

சுத்தப்பிரதி எடுத்து அனுப்புங்கள், கையெழுத்திடுகிறேன். நேரில் வருவதானால் காலையில் வாருங்கள். சாயங்காலங்களில் நான் தங்கையோடு இருக்கிறேன். இப்போது நான்தான் உரக்கப் படிக்கிறேன். பக்கம் முடிந்ததும் நிறுத்தி, அவளைப் பார்க்கிறேன். கொட்டகையில் எந்தச் சத்தமும் இல்லை. பழைய மௌனம் அப்படியே திரும்பிவிட்டது. அவளுக்கும் அது பிடித்திருக்கிறது.

ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் இருந்தது. ஆள் வேண்டுமென்றால் அடிக்கச் சொல்லி மருத்துவமனையில் அவளுக்கு ஒரு கைமணி கொடுத்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்த உடனே அதை அடிக்க ஆரம்பிப்பாள். சமையலறையிலிருந்து மாப்பிள்ளை ஓடிவந்து, "என்னம்மா, என்ன வேணும்?" என்பார். அவளால் என்ன சொல்ல முடியும்? என்னையே பார்த்துக்கொண்டு மேலும் அடிப்பாள். நான் எழுந்து வெளியே போனால் நின்றுவிடும். கை நடுக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று அந்த மணியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அவள் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை.